பாலம் தாண்டும் வரை

“அந்தப் பய தெனமும் உன் மக பின்னாலேயே வாரானாம். ஊரே சிரிக்குது.”

“என் மகளா? மார்க்கு வாங்குனா மட்டும் உங்க மகளாக்கும்?”

“வெளையாடாத பவானி. இன்னைக்கு அவன்கிட்டக் கேட்டுரு. காதல் கீதல்னான்னா, நாளையிலருந்து கயல் பள்ளிக்கூடமே போக வேணாம்.”

காலையில் கணவன் சுரேஷ்கண்ணன் சொன்னது, மகளோடு நடந்துகொண்டிருந்த பவானியின் காதைவிட்டு அகலவே இல்லை.

பொங்கலன்று அவள் தெருப் பையன்களும் கீழத்தெருப் பையன்களும் ஓடைப்பட்டிப் பாலத்தில் கல்லெறிந்து மோதிக்கொண்டதிலிருந்து அவள்தான் கயலைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடுகிறாள். பயந்துபோய்ப் படிப்பையே விட்ட பிள்ளைகளும் உண்டு. பிளஸ் டூ பரீட்சை வேறு நெருங்குகிறது. இந்த நேரத்தில் இவன் ஒருத்தன்!

கயலின் வகுப்பில் படிக்கும் கீழத்தெரு திலீபன், வழக்கம்போலத் திராட்சைத் தோட்டத்து முக்கில் காத்திருந்தான்.

“அத்தை, சாப்பாட்டுப் பையைக் குடுங்க. நான் தூக்கியாரேன்.”

“ஏன், சின்னம்மான்னு கூப்பிட்டா வாய் சுளுக்கிக்குமோ?”

கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் இவர்களைப் பார்த்து எழுந்தார்கள். எல்லாம் பவானியின் தெருப் பயல்கள்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஏலே, படிக்கவும் போகாம, போற பிள்ளைகளையும் விடாம அங்கன என்னடா வேலை? ஒங்க ஆத்தாமாரு நம்பரெல்லாம் என்கிட்ட இருக்கு. ஒவ்வொருத்தியா வரச் சொல்லட்டா?”

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

பள்ளி வாசலில் பையை வாங்கிக்கொண்டு கயல் உள்ளே ஓடினாள். திலீபன் மட்டும் நகரவில்லை.

“அத்தை... ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு...”

பவானி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பையன் லட்சணமாகத்தான் இருக்கிறான். ஆனால் இவன் வாயைத் திறந்தால் மகள் படிப்பு போய்விடுமே!

“கயலைப் பத்தின்னா இப்பவே வாயை மூடிக்க. அவ படிக்கணும்.”

“நானும் படிக்கணும் அத்தை!” திலீபன் பாலத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “தனியா வந்தா அந்தப் பயலுக வழிமறிச்சு அடிக்கிறானுக. உங்க வாய்க்கு மட்டும்தான் பயப்படுறானுக. பரீட்சை முடியிற வரைக்கும், கயல் வராட்டிகூடப் பரவாயில்ல... நீங்க மட்டும் லீவு போட்டுராதீக!”