ஏழாவது விதி

குழந்தைகளைத் தாக்கும் ஓர் அரிய நோய்க்காகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. அதைத் தயாரிக்கப் புது நிறுவனம் தொடங்கும் ஒப்பந்தம், ஏழாவது விதியில் முட்டிக்கொண்டு நின்றது. லாபம் இல்லையென்று முதலீட்டாளர் மருந்தைக் கிடப்பில் போட்டால், உரிமை பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிடும் என்றது அந்த விதி.

"அதை எடுத்துடுங்க மேடம்," என்றார் முதலீட்டாளர், நான்காவது முறையாக.

"அது இல்லன்னா கையெழுத்து இல்ல சார்."

பதினைந்து வருடமாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் அவள். எதற்கும் இப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை.

முதலீட்டாளர் பொறுமை இழந்தார். "விசாரிச்சேன். உங்க பையனுக்கும் இதே நோய்தானாமே? உங்க பாசத்துக்கு எங்க பணத்தைப் பணயம் வைக்கறீங்களா?"

அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க, உட்காருங்க." அவர் முணுமுணுத்தபடி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "ஜெயிச்சுட்டீங்க. முதல் மருந்து உங்க பையனுக்குத்தானே?"

"எத்தனையோ பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க சார். அவங்கள்ல யாருக்காவது போகட்டும்." அதுவரை உறுதியாக இருந்த குரல் உடைந்தது. "என் பையன் போய் இன்னிக்கு ஒன்பது நாள் ஆச்சு."