மூணு கம்பி மட்டும்

புரூல் தன் எலெக்ட்ரிக் கிடாருக்கு கம்பியை முறுக்கும் ஆறு டியூனிங் கீயையும் தானே புதுசாக மாட்டினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மூன்று கம்பிகள் சுருதி கலைந்து கிடந்தன. சரிசெய்தாள். அடுத்த நாளும் அதே கதை. சனிக்கிழமை கச்சேரி வேறு!

“கரண்டுல பாடுற கட்டை உருப்படுமா? தூக்கிப் போடுடி!” மாவு பிசைந்தபடியே பொரிந்தாள் மாமியார் சைராகான்.

புரூல் கிடாரோடு கடைக்கு ஓடினாள். கடைக்காரர் எர்மெக் கீகளைத் திருகிப் பார்த்தார்.

“நல்லாத்தான் மாட்டியிருக்கே தங்கச்சி. எதுவும் நழுவலை.”

“அப்புறம் ஏண்ணே மூணு மட்டும் தினமும் கலையுது?”

அந்த மூன்றையும் மீட்டியவர் சிரித்துவிட்டார்.

“இது கலையலை தங்கச்சி. நடுக்கம்பி உசரம், பக்கத்துல ரெண்டும் தாழ்வு. நம்ம ஊரு மூணு கம்பி வாத்தியம் கோமுஸுக்கு வைக்கிற சுருதி இது. கைதேர்ந்தவங்க வச்சிருக்காங்க. பகல்ல வீட்டுல யாரு இருப்பா?”

புரூல் வீட்டுக்கு வந்து கிடாரை மாமியாரின் மடியில் வைத்தாள்.

“அத்தே... நீங்களா?”

சைராகான் கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“எவ்வளவு மீட்டினாலும் சத்தம் சன்னமாத்தானே வருது... அந்த ஒயரை எங்கடி சொருகணும்?”