மூணாவது கட்டம்

“இதுல ஆர்மின்னு யாரு ரொப்பினது?”

எத்திராஜ் தாளை மேசை மேல் வைத்துத் தட்டினார்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் சலீம் பாயின் நெட் சென்டர். மகன் சாய்குமாருக்கு ஹால் டிக்கெட் எடுக்க கார்வேட்டிநகரத்திலிருந்து வந்தவர், டிசம்பரில் போட்ட அப்ளிகேஷனையும் ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கினார். அங்கேதான் வினை.

மிலிட்டரி ஆபீசர் ஆவதற்கு இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பையன்கள் எழுதுகிற பரீட்சை அது. எந்தப் படை முதலில் வேண்டும், எது அடுத்தது என்று அப்ளிகேஷனிலேயே கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். எத்திராஜ் வீட்டிலேயே முடிவு செய்து துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் கட்டம், ஏர்ஃபோர்ஸ். கடைசிப் பயிற்சி ஐதராபாத் பக்கம் துண்டிக்கல்லில். சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் பிள்ளையைப் பார்த்துவிடலாம். இரண்டாவது, கேரளாவில் எழிமலை நேவல் அகாடமி. அவ்வளவுதான். ஆர்மி கூடவே கூடாது. பார்டரில் போய் நிற்கிற வேலை வேண்டாம் என்று மனைவி யசோதா அழுது தீர்த்துவிட்டாள்.

இப்போது மூன்றாவது கட்டத்தில் ஆர்மி.

“ஏம்மா, நீதான டைப் அடிச்ச?”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஸ்ரீதேவி தாளைப் பார்த்தாள். “ஆமாண்ணா.”

“நான் குடுத்த சீட்டுல ரெண்டுதான இருந்துது?”

“ஆமாண்ணா.”

“பின்ன இது எப்பிடி வந்துது?”

ஸ்ரீதேவி வாசல் பக்கம் பார்த்தாள்.

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் தெலுங்கில் எடுத்துக் கொடுத்தார். “ஆயம்ம தம்முடு கூட ராஸ்துன்னாடு கதா?”

எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் தம்பி சீனுவும் இதே பரீட்சை எழுதுகிறான்!

“அதான பார்த்தேன்! என் பையன ஆர்மிக்குத் தள்ளிட்டா, ஏர்ஃபோர்ஸ் சீட்டு உன் தம்பிக்கு. அதான உன் கணக்கு?”

“ஐயோ, அப்பிடி இல்லண்ணா.”

“வேற எப்பிடி? சொல்லு.”

சலீம் பாய் எழுந்து வந்தார். “கை தவறி விழுந்துதாம்மா?”

‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

“இல்ல பாய். தெரிஞ்சிதான் போட்டேன்.”

“கேட்டியா பாய்? நெஞ்சழுத்தத்தப் பாரு! இவ இங்க இருந்தா எங்க பக்கத்துல இருந்து ஒருத்தன் உன் கடைக்கு வரமாட்டான். நான் வரவுடமாட்டேன்.”

சலீம் பாய் ஸ்ரீதேவி பக்கம் திரும்பினார். “நாளையில இருந்து வராதம்மா” என்றார்.

ஸ்ரீதேவி டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். வெளியே பைக் பக்கத்தில் சாய்குமார் தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

போகும் வழியெல்லாம் எத்திராஜ் சொல்லிக்கொண்டே போனார். “அந்த சீனுகிட்ட இனிமே பேச்சு வெச்சிக்காத. அவன் நோட்டக்கூட வாங்காத. அதுலயும் எதுனா தப்பா எழுதிக் குடுப்பான்.”

யசோதாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “எதுக்கு அந்தப் பொண்ணு காரணமே சொல்லல?”

“தப்பு பண்ணவ எங்கனா வாயத் தொறப்பாளா? போடி.”

பரீட்சையில் சீனு தேறவில்லை. “பார்த்தியா, சாமி இருக்காரு” என்றார் எத்திராஜ்.

சாய்குமார் தேறினான். பெங்களூரில் அஞ்சு நாள் இன்டர்வியூவிலும் தேறினான். அப்புறம் மெடிக்கல்.

அங்கே கண்ணில் தடுக்கியது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் குறை. ஏர்ஃபோர்ஸுக்கு ஆகாது, நேவிக்கும் ஆகாது. ஆர்மிக்கு மட்டும் அந்த அளவுக் குறை பரவாயில்லை.

மூணாவது கட்டம் காலியாக இருந்திருந்தால் பையன் அதோடு வீடு திரும்பியிருப்பான்.

மூன்று மாதம் கழித்து, புனே கடக்வாஸ்லா அகாடமியில் சேரச் சொல்லி லெட்டர் வந்தது. யசோதா ரெண்டு நாள் அழுதாள். மூணாம் நாள் அவளே பெட்டி வாங்கப் புறப்பட்டாள்.

அகாடமியில் கேட்ட ஃபாரங்களைப் பிரிண்ட் எடுக்க, அப்பாவும் மகனும் மறுபடி புத்தூர் வந்தார்கள். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சாய்குமாருக்குக் கை கொடுத்தார்கள்.

“அந்தப் பொண்ணு போட்டதுதான் காப்பாத்திருக்குது” என்றார் சலீம் பாய்.

“எங்க? அவ கெடுக்கணும்னுதான் போட்டா பாய். ஏழுமலையான் அத நல்லதா திருப்பிட்டாரு.”

“நைனா” என்று கூப்பிட்டான் சாய்குமார்.

எத்திராஜ் திரும்பினார்.

“ஸ்ரீதேவி அக்கா தானா போடல. நான்தான் போடச் சொன்னேன்.”

எத்திராஜ் மைசூர்பாகு டப்பாவை மேசை மேல் வைத்தார்.

“ஸ்கூல் கண் கேம்ப்புலயே எனக்குத் தெரியும். கலர் புள்ளிக்குள்ள இருந்த நம்பரு தெரியல. உனக்குத் தெரிஞ்சா பரீட்சையே வேணான்னுடுவியேன்னு பயம். அக்காகிட்ட சொன்னேன். அவங்கதான் ரூல் எல்லாம் படிச்சுப் பார்த்து, இதுக்கு ஆர்மிதான் வுடுவாங்க, அதையும் போட்டுடலாம்னாங்க. நைனாகிட்ட மட்டும் சொல்லாதக்கான்னு சத்தியம் வாங்கிக்கினேன்.”

சலீம் பாய் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “அது இப்போ நகரியில ஒரு துணிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கினு இருக்குது.”

எத்திராஜ் மகன் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீ வெளியதானடா நின்னுக்கினு இருந்த? எல்லாம் காதுல விழுந்துதில்ல? உள்ள வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

சாய்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நாட்டக் காப்பாத்தப் போறேன்னு எல்லாரும் கை குடுக்கறாங்க நைனா. அன்னிக்கு இந்தக் கடையோட ரெண்டு படி ஏற எனக்குத் தைரியம் வரல.”