ஈரத்துணி

"இதோ, கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் அந்தத் தாய் ஓர் ஈரத்துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கத் திரும்பி வந்தவள், தன் இரண்டு வயது மகளின் கன்னத்தை ஆயா அந்தத் துணியால் துடைப்பதைப் பார்த்துவிட்டாள். விடுவாளா?

"பிள்ளை கன்னம் ஏன் இப்படித் தடிச்சுப் போகுதுன்னு ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிறேன். சோப்பை மாத்தினேன், பவுடரை மாத்தினேன், தலையணை உறையைக்கூட வெந்நீர்ல அலசினேன். காரணம் இங்க உட்கார்ந்திருக்கு!"

காப்பகத்தை நடத்துபவர் கையைப் பிசைந்தார். "ஆயா ரொம்பச் சுத்தமானவங்கம்மா. பத்து வருஷமா..."

"இதுவா சுத்தம்? சிவப்புக் கறையைப் பாருங்க, எவ வாயைத் துடைச்சதோ! ஞாயிற்றுக்கிழமை வீட்டுல இருந்தா கன்னம் பளிங்கா இருக்கு. திங்கட்கிழமை இங்க கொண்டாந்து விட்டதும், அதே இடத்துல வட்டமா தடிச்சிடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாயின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, பதிலே வரல! இவ இங்க இருந்தா என் பிள்ளை இருக்காது."

அன்றைக்கே ஆயாவின் வேலை போயிற்று. தாய்க்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஓட்டல் வரவேற்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முகம் பளிச்சென்று இல்லாவிட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். மறுநாளும் அவசரமாக அலங்கரித்துக்கொண்டு, மகளைப் புதிய ஆயாவிடம் ஒப்படைத்து, வழக்கம்போல் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

ஒரு வாரம் ஆகியும் தடிப்பு குறையவில்லை. நீர் கோத்துக்கொண்டு, குழந்தை சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிட்டது. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"தொத்து நோயெல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர். "தோலுக்கு ஒத்துக்காத ஏதோ ஒண்ணு அந்த இடத்துல தினமும் படுது. அதைக் கண்டுபிடிச்சு நிறுத்தினாத்தான் மருந்து கேட்கும். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க. வெறும் தண்ணியில துணியை நனைச்சு மெதுவா துடைச்சு விடுங்க."

"வெறும்... தண்ணியிலயா?"

"ஆமா. இத்தனை நாள் யாரோ அப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கணும். இல்லேன்னா இது எப்பவோ முத்தியிருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் தான் போட்ட கூச்சல் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. 'இவ' என்று சொல்லியிருக்கிறோமே, நம் தாய் வயதுள்ளவளை!

மறுநாள் காலை, ஓட்டலுக்குப் போகும் கோலத்திலேயே, மகளுக்கு ஒரு முத்தம் வைத்துத் தூக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து ஆயாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவைத் தட்டக் கை வரவில்லை. அவமானத்தை விழுங்கிக்கொண்டு தட்டினாள். இடுப்பில் இருந்த குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? கதவு திறந்ததுதான் தாமதம், ஆயாவிடம் தாவிவிட்டது.

ஆயா குழந்தையோடு உள்ளே போய், துணியை நனைத்து வந்து குழந்தையின் கன்னத்தை ஒற்றி எடுத்தாள். துணியில் அதே சிவப்புக் கறை.

"என்னை மன்னிச்சிடுங்க, ஆயா. உங்க வேலையை நானே பேசித் திரும்ப வாங்கித் தரேன்." அவள் அந்தக் கறையைப் பார்த்தாள். "எது ஒத்துக்கலன்னு உங்களுக்குத் தெரியும்தானே? அன்னிக்கே ஏன் சொல்லல?"

ஆயா அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டாள்.

"நீங்க லிப்ஸ்டிக்கோட முத்தம் குடுக்கிற இடம்மா இது. குடுக்காதீங்கன்னு பெத்தவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"