இரண்டு சுற்று ரப்பர் பேண்ட்

உலகத்தில் பிரெயில் புள்ளிகளை ஒழுங்காக எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள் மட்டுமே.

இது லாக்லனின் முடிவு. ஹோபார்ட்டில் தன்னோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் ஓடெலுக்கு இதைத் தினமும் காலை டோஸ்ட்டோடு சேர்த்துப் பரிமாறுவான். இருவருக்கும் பார்வை கிடையாது. ஓடெல் டெக்ஸாஸ்காரன், கணித மாணவன்.

“இங்கிலீஷ்காரன் ரொம்ப காலம் பெரிய எழுத்துக்குக் குறியே போடல. ராணியும் எலியும் அவனுக்கு ஒண்ணு. அமெரிக்காக்காரங்க நீங்க என்னடான்னா, கணக்குன்னு வந்தா எண்களையெல்லாம் ஒரு படி கீழ இறக்கி எழுதறீங்க. எல்லாத்துக்கும் ஒரே முறைன்னு முதல்ல ஒத்துக்கிட்டது நாங்கதான்டா.”

“தென்னாப்பிரிக்காக்காரன் உங்களுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டான், மச்சி.”

லாக்லன் அதைக் காதில் வாங்கவில்லை. ஓடெலின் ரப்பர் பேண்டுகளுக்கு வந்துவிட்டான். தடவியே அடையாளம் தெரிய ஷாம்பூவில் ஒன்று, பால் புட்டியில் ஒன்று, உப்பு டப்பாவில் ஒன்று.

“எழுத்து தெரியாதவன் பண்ற வேலை.”

அன்று மதியம் லாக்லனுக்கு மண்டையைப் பிளக்கும் வலி. ஓடெல் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஓடெலின் அலமாரியில் ஒரே அளவில் இரண்டு புட்டிகள். ஒன்றின் லேபிள்மேல் குறுக்கே ரப்பர் பேண்ட் கிடந்தது. லாக்லன் அதை உருவி எறிந்தான். படித்தான். விழுங்கினான்.

துணிக்கூடையோடு ஓடெல் உள்ளே வந்தான்.

“தலைவலி மாத்திரை ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஒரு புட்டியில ஆச்சரியக்குறி, இன்னொண்ணுல கேள்விக்குறி. என்ன லேபிள்டா இது? ஆச்சரியக்குறின்னா ஆபத்துதான்னு அதை மட்டும் தொடல.”

கூடை தரையில் விழுந்தது.

“அது ஆச்சரியக்குறி இல்ல, ஆறு. ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, என் தலைவலிக்கு. நீ முழுங்கினது எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு போடறது. வாஃபிளோட வலிப்பு மாத்திரை.”

வாஃபிள், ஓய்வுபெற்ற வழிகாட்டி நாய். தன் பெயரைக் கேட்டு எழுந்து வந்தது.

ஒரு படி கீழே இறக்கிய எண்கள். ஆஸ்திரேலிய விரலுக்கு அவை ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும்.

மாத்திரை லாக்லனின் தொண்டையிலேயே நிற்பதுபோல் இருந்தது. இருமிப் பார்த்தான். வரவில்லை.

ஓடெல் விஷத் தகவல் மையத்தைக் கூப்பிட்டான். எடை என்ன என்று கேட்டார்கள். பதற்றத்தில் நாயின் எடையைச் சொல்லி, பிறகு திருத்தினான். தூக்கம் வரலாம், தனியாக விட வேண்டாம், மூச்சு மாறினால் உடனே ஆம்புலன்ஸ் என்றார்கள்.

தூக்கம் என்று கேட்ட நொடியிலிருந்து லாக்லனுக்குத் தூக்கம் வந்தது. தூங்கினால் எழுந்திருப்போமா என்று யாரிடம் கேட்பது? நாக்கைக் கடித்தான். தன் மூச்சைத் தானே ஒட்டுக்கேட்டான். அது மாறிக்கொண்டே இருந்தது. பயத்தாலா மருந்தாலா என்று தெரியவில்லை.

வாஃபிள் அவன் முழங்காலில் மோவாயை வைத்தது. இதைத் தின்றுவிட்டு இந்த நாய் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டான்.

“அந்தப் புட்டியில ரெண்டு சுத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேனேடா. நாயோடதுன்னு தெரியத்தான்.”

“போட்டிருந்தியா?” என்றான் லாக்லன்.

ஓடெல் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்தது. மூச்சு சீரானது. தலைவலி மட்டும் அப்படியே இருந்தது.

“டீ போடறேன். பேசிக்கிட்டே இரு.”

ஓடெல் சமையலறைக்குப் போனதும், லாக்லன் பேசிக்கொண்டே தரையில் மண்டியிட்டான். கிரிக்கெட் பற்றிப் பேசினான். அலமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். ரப்பர் பேண்ட் கிடைத்தது. எட்டாம் எண் புட்டியில் இரண்டு சுற்று மாட்டினான்.

பிறகு ஓடெலின் இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தான்.

தன் அலமாரியில் காதுச் சொட்டு மருந்து இருந்தது. அதன்மேல் அவனே அடித்து ஒட்டிய, ஒரு புள்ளிகூடப் பிசகாத ஆஸ்திரேலிய லேபிள். அதன் குறுக்கே, பட்டென்ற சத்தம் வராதபடி, மெதுவாக மாட்டினான்.

சமையலறையில் கெண்டி இன்னும் கொதிக்க ஆரம்பிக்கவில்லை. காதைத் தீட்டியபடி நின்ற ஓடெல் அதன் சுவிட்சையே போட்டிருக்கவில்லை.