மழை படாத நிலம்

ஹார்ன்லோ கிராமத்து மாளிகையை இடித்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த நிலத்தைக் காய்கறி போடுவதற்கு ஊராருக்கே பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே மழை மட்டும் விழவில்லை. சுற்றிலும் கொட்டும்போதும், சுவர்கள் நின்ற எல்லைக்குள் மண் காய்ந்தே கிடந்தது. அதனால் யாரும் அங்கே கால் வைக்கவில்லை.

ஒரு மழைநாளில் ஹெஸ்டர் விதைக்கிழங்கும் மண்வெட்டியுமாகக் கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன் அந்த மாளிகையில் வேலை பார்த்தவள் அவள்.

"போகாத ஹெஸ்டர். எஜமானர் செத்தும் அங்கதான் இருக்காரு," என்று கணவன் ஆல்ஃப்ரெட் வேலியோரமே நின்றுவிட்டான்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம நிலம்யா அது."

இடிக்காமல் விட்டிருந்த முன்வாசல் படிகளில் ஏறி உள்ளே போனாள். அவள்மேல் மழை விழுவது நின்றது. வெட்டவெளியில், காதருகே, எஜமானரின் குரல் கேட்டது.

"வேலைக்காரங்க பின்வாசல் வழியா வரணும்."

ஹெஸ்டர் மண்வெட்டியை ஓங்கித் தரையில் இறக்கினாள்.

"இந்தப் படியத் தேய்ச்சே என் முட்டி தேஞ்சுபோச்சு. முன்வாசல் வழியாத்தான் வருவேன். பிடிக்கலைன்னா நீங்க பின்பக்கமாப் போங்க!"

பூட்ஸ் ஒலி அவளைக் கடந்து பின்பக்கம் போனது. எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. காய்ந்த மண்ணில் மழை விழத் தொடங்கியது.

கதவுச் சத்தம் கேட்டதும் ஆல்ஃப்ரெட், எஜமானருக்கு மரியாதை காட்டும் பழைய பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"அதைத் தலையில மாட்டிக்கிட்டு உள்ள வாய்யா," என்றாள் ஹெஸ்டர். "படியேறி வா."