பெரிய டயர்

சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூச, மெக்கானிக் காரைத் தெருவுக்குள் திருப்புகிறார். அதே மூன்றாம் கியர், அதே வேகம். ஆனால் இன்று மாட்டிய சிறிய டயர்கள் கூடுதலாகச் சுற்ற, எஞ்சினும் கூடுதலாகச் சுற்றிக் கீச்சுக்குரலில் கத்துகிறது. மகன் ஆசையாய்ப் போட்ட பெரிய டயர்களில் இந்தக் கார் அடித்தொண்டையில் உறுமும். அவன் இறந்து ஐந்து மாதமாகியும் அந்த உறுமல் கேட்டால் மனைவி ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வருவாள். ஸ்டியரிங்கில் இவரைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். அதைக் காணச் சகிக்காமல்தான் அந்தப் பெரிய டயர்களைக் கழற்றினார். வாசலில் நிறுத்துகிறார். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. “யாருங்க? வீட்ல யாரும் இல்லைங்க, பட்டறையில போய்ப் பாருங்க” என்கிறாள், இருந்த இடத்திலிருந்தே.